திண்டிவனத்தில் ஓர் இளம் ஆசிரியை

(பத்தாம் வகுப்பு மாணவி)

விழுப்புரத்தில் ரயிலேறிச் சென்னைப் பக்கம் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் திண்டிவனம் வந்துவிடும். புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்ற பெயரே திண்டிவனம் ஆயிற்று என்பர். நம்மில் பலருக்கு அது அத்தை வீட்டு ஊர், அல்லது பஸ் மாறும் இடம். ஆனால் இன்று இந்தியா முழுவதும் அறிந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வரலாறு வேலூரில் தொடங்கவில்லை, திண்டிவனத்தில் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது டாக்டரும் அல்லர். ஒரு சிறிய மிஷன் பள்ளியைப் பார்த்துக்கொண்ட, ஏறக்குறைய இருபது வயதுப் பெண்.

அவர் பெயர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர். தந்தையும் டாக்டரே, ஆற்காடு மிஷனில் ஊழியம் செய்தார். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் தானும் ஊழியத்திற்கு வர ஆசைப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஐடாவுக்கோ அந்த எண்ணமே இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசியால் வாடிய குழந்தைகளைச் சிறுமியாக நேரில் கண்டவர் அவர். பிறகு அமெரிக்காவில் படித்து, அங்கேயே நிம்மதியாக வாழ விரும்பினார். தாயாருக்கு உடல்நலம் குன்றியதால்தான் 1890-இல் திண்டிவனம் வந்தார். சிறிது காலம் இருந்து உதவிவிட்டுத் திரும்பிவிடுவது என்பதே அவர் திட்டம். அப்போது அவர் கையில் கொடுக்கப்பட்டதுதான் அங்கிருந்த பெண்கள் பள்ளி.

அக்காலத்துப் பெண்கள் பள்ளி எப்படி இருந்தது என்று இன்றைய மாணவியராகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்துவிட மாட்டார்கள். பெண் குழந்தைகள் தெருவில் தனியே நடப்பது கௌரவக் குறைவு என்று எண்ணிய காலம். ஆகவே வயதான அம்மாள் ஒருவரைச் சம்பளத்திற்கு வைத்து, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் சென்னை மாகாணப் பெண்கள் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. (இப்போது நம் பள்ளியின் பால வகுப்புப் பிள்ளைகளை ஆயாம்மா பிடித்துக்கொண்டு வருவது போல!) வாசிப்பு, எழுத்து, கணக்கு, பாட்டு, தையல் ஆகியவை பாடங்கள். மிஷன் பள்ளியானால் வேதாகமப் பாடமும் உண்டு. பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் பல பெற்றோருக்கு இருந்தது. பெண் எழுதப் படித்தால் குடும்பத்திற்கு ஆகாது என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அப்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான்.

அந்த ஆசிரியைகளுக்கு இருந்த பெரிய கஷ்டம் பாடம் நடத்துவதில் இல்லை. நன்றாகப் படிக்கத் தொடங்கிய பெண் பத்து, பதினொரு வயதில் திடீரென நின்றுவிடுவாள். திருமணம் ஆகியிருக்கும், அல்லது நிச்சயம் ஆகியிருக்கும். இன்றைய கணக்கில் ஐந்தாம், ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. ஐடா திண்டிவனத்தில் இருந்தபோதுதான், 1891-இல், ஒரு பெண் மனைவியாக வாழத்தகும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தி அரசு சட்டம் செய்தது. அதற்கே நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணின் திருமண வயது பதினான்கு என்றானது 1929-இல் வந்த சாரதா சட்டத்தால்; பதினெட்டு ஆனது 1978-இல். இந்த எண்களை நாங்கள் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இனி அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒரு நாள் இரவு, மிஷன் பங்களாவின் கதவைப் பிராமணர் ஒருவர் தட்டினார். தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடுவதாகவும், ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்கு என்று இவ்வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்திற்கு விரோதம் என்று கூறி அவர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார்; அவருக்கும் அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக மற்றோர் இந்து. காலையில் ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கணவர்களைக் குறை கூறுவார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நள்ளிரவில் முன்பின் பழகாத வெள்ளைக்காரப் பெண்ணின் வாசலில் வந்து நின்றவர்களுக்கு மனைவிமேல் அன்பு இல்லாமலா இருந்திருக்கும்? அவர்கள் டாக்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்றார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே நான்கு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். கோஷாப் பெண்களுக்கென்று 1885-இல் சென்னையில் தனி மருத்துவமனையும் ஏற்பட்டது. ஆனால் சென்னை திண்டிவனத்திலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். பிரசவ வேதனை ரயிலுக்குக் காத்திருக்குமா? பதினான்கு வயதில் இடுப்பெலும்பு முழுமையாக வளர்ந்திருக்காது, அதனால் குழந்தை வெளிவர வழியின்றிச் சிக்கிக்கொள்ளக்கூடும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். அத்தகைய பிரசவத்தில் அனுபவமுள்ள மருத்துவச்சியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஐடாவின் பள்ளியிலிருந்து நின்றுபோன பெண்களும், அந்த இரவில் இறந்த பெண்களும் ஏறக்குறைய ஒரே வயதினர் என்பதே எங்களை அதிகம் உலுக்கியது. அகர வரிசை கற்றுக்கொடுத்த பிள்ளை மூன்று, நான்கு ஆண்டுகளில் அப்படி ஒரு கட்டிலில் கிடக்கக்கூடும் என்று அந்த ஆசிரியைக்குத் தெரிந்துவிட்டது. அதன் பின்னர்தான் மருத்துவம் படிப்பது என்று அவர் முடிவு செய்தார்.

ஐடா கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். நம் திருச்சபையிலோ கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்கு நீண்ட காலம் தடை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த டாக்டர் மேரி குளோரி, பாப்பரசரின் தனி அனுமதி பெற்றே கன்னியாகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். பொது அனுமதி 1936-இல்தான் கிடைத்தது. இதை எங்களுக்குச் சொன்னவரே ஒரு சிஸ்டர்தான்.

பின்னர் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1895-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் படிப்பு, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1900-இல் வேலூர். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு கட்டிய 40 படுக்கை மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பள்ளி.

எங்களுக்குப் பிடித்தது அதற்கும் பிந்திய செய்தி. 1918-இல், ஏறக்குறைய நாற்பத்தெட்டு வயதில், ஐடா மீண்டும் ஒரு பெண்கள் பள்ளியை ஏற்றார். இம்முறை அது மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று அரசு மருத்துவ அதிகாரி கூறியிருந்தார். வந்தவை 151 விண்ணப்பங்கள். ஆண்கள் படிக்கும் மருத்துவப் பள்ளிகளிலேயே முதலாண்டுத் தேர்வில் ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், ஆகவே மனம் தளர வேண்டாம் என்றும் அவரை எச்சரித்திருந்தார்கள். தேர்வு எழுதிய அவருடைய மாணவியர் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தேறினார்கள்.