வாசல் மரத்தை வெட்டுவதற்கு முன்...

கிள்ளானில் ஒரு மூலை வீடு. வேலியோரம் முப்பது வயதுள்ள மாமரம், பாட்டி நட்டது. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வந்த 'சுமத்ரா' புயல்காற்றில் ஒரு கிளை முறிந்து, காருக்கு ஓரடி தள்ளி விழுந்தது. விடிந்ததும் அப்பா மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தண்டு சாலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. தரையெல்லாம் இலை.

"அம்மா, இந்த மரம் இனி தாங்காது. ஆள் வைத்து வெட்டிவிடலாம்," என்றார். பாட்டி பதில் சொல்லவில்லை.

இது கற்பனை வீடுதான். ஆனால், இந்தப் பேச்சு எழாத தாமான் நம் நாட்டில் இருக்காது. மாணவர்களே, அந்த வீட்டுப் பிள்ளை நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

அப்பாவின் பயம் வீண் பயம் அல்ல. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பதினேழு வாகனங்கள் சேதமடைந்தன. ஆபத்தான மரத்தைப் பாசத்துக்காக விட்டுவைக்கக் கூடாது. அதேபோல, நல்ல மரத்தைப் பயத்துக்காக வெட்டவும் கூடாது. வெட்டிய மரத்தைத் திரும்ப நிறுத்த முடியாது. எது ஆபத்தான மரம், எது நல்ல மரம் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அறிவியல் உதவுகிறது. அப்பா சொன்ன மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

பொந்து விழுந்தால் மரம் விழுமா?

மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது? நடுவில் இல்லை. பட்டைக்குச் சற்று உள்ளே, கேம்பியம் என்னும் மெல்லிய அடுக்கில்தான் புதிய திசுக்கள் உருவாகின்றன. வெளிப்புறமாக உருவாகும் புளோயம் உணவைக் கடத்துகிறது. உட்புறமாக உருவாகும் சைலம் நீரை மேலே ஏற்றுகிறது. தண்டின் மையத்தில் உள்ள வைரக்கட்டையோ உயிரற்ற மரம்.

இதை ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டிகள் கையால் அறிந்திருந்தார்கள். பால்மரம் சீவும்போது கத்தி பட்டைக்குள் மட்டுமே போக வேண்டும். கேம்பியத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளரும். தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாக மாறும்.

ஆகவே, நடுக்கட்டை உளுத்துப்போனாலும் மரம் பல்லாண்டு உயிரோடு இருக்க முடியும். காற்றைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கணக்கு இருக்கிறது. உருளை வடிவத் தண்டு வளைவைத் தாங்கும் திறன், விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 50 செண்டிமீட்டர் விட்டமுள்ள தண்டின் நடுவில் 25 செண்டிமீட்டர் அகலத்துக்குப் பொந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் பாதி போய்விட்டது. ஆனால் ½ × ½ × ½ × ½ = 1/16. அதாவது மரம் இழந்த வலிமை சுமார் 6 விழுக்காடு மட்டுமே! பொந்து 35 செண்டிமீட்டர் ஆகும்போது இழப்பு 24 விழுக்காடாகிறது. அதற்கு மேல் போனால் இழப்பு வேகமாக ஏறும்.

இதனால்தான் மரநல வல்லுநர்கள் பொந்தின் அளவைவிட, சுற்றி மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் தடிப்பையே முதலில் பார்க்கிறார்கள். அந்தத் தடிப்பு தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் கவலைப்பட வேண்டும். பொந்தின் வாய் மிக அகலமாக இருந்தாலும், தண்டில் நீளமான வெடிப்பு இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது, ஆபத்து கூடும்.

சாய்வும் இலை உதிர்வும்

அடுத்தது சாய்வு. சாய்வில் இரண்டு வகை உண்டு. சிறு வயதிலிருந்தே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரம் ஒரு வகை. அதன் தண்டு சாய்ந்திருந்தாலும் நுனி மறுபடி வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும். மா, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்வின் மேற்புறத்தில் தனிவகைக் கட்டையை உருவாக்கி, கயிறு கட்டி இழுப்பதுபோல் தண்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

மற்றொரு வகை, நேற்று நேராக நின்று இன்று சாய்ந்த மரம். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால் வேர்த்தட்டு பெயர்கிறது என்று பொருள். அந்த மரத்தின் அருகில் யாரும் நிற்கக் கூடாது. உடனே உதவி கேட்க வேண்டும். பழைய படங்கள் இங்கே நல்ல சான்று. பத்து ஆண்டுகளுக்கு முன் வாசலில் எடுத்த தீபாவளிப் படத்திலும் மரம் இதே கோணத்தில் நின்றால், அந்தச் சாய்வு அதன் இயல்பு.

இலை உதிர்வது எல்லா நேரமும் நோய் அல்ல. ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும் வறட்சியில் இலைகளைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கிறது. கெத்தாபாங் மரம் இலைகளைச் சிவக்க வைத்து உதிர்க்கிறது. பருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அப்பாவின் மூன்று காரணங்களும் தள்ளுபடியா? அவசரப்பட வேண்டாம். அவர் இன்னும் தரையைப் பார்க்கவில்லை.

யாரும் பார்க்காத வேர்

மரத்தின் வேர்கள் கிளைகளைப் போலவே ஆழமாகக் கீழே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் பரவுகின்றன. வேர் செல்களும் சுவாசிக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு என்பதால்தான் அவை மேல்மண்ணிலேயே தங்குகின்றன.

இப்போது அந்த மூலை வீட்டுக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார் நிறுத்துமிடத்தை நீட்டினார்கள். மரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் பள்ளம் தோண்டி, இரண்டு தடித்த வேர்களை வெட்டி, மேலே சிமெண்ட் போட்டார்கள். வேரை வெட்டியதில் மரத்தின் பிடிமானம் குறைந்தது. சிமெண்ட் காற்றை அடைத்தது. வெட்டுக்காயம் வழியாகப் பூஞ்சை நுழைய வழி கிடைத்தது. தண்டின் அடியில், சிமெண்ட் பக்கமாக, அலமாரித் தட்டுப்போல் கடினமான பழுப்பு நிறக் காளான் ஒன்று முளைத்திருக்கிறது. பாட்டி அதை ஒருமுறை பெருக்கித் தள்ளப் பார்த்தார், அசையவில்லை.

இதுதான் அந்த வீட்டில் உண்மையான எச்சரிக்கை. மரத்தடியில் முளைக்கும் தட்டுக் காளான்கள் பல வேளைகளில் அடித்தண்டும் வேரும் உள்ளே அழுகுவதைக் காட்டுகின்றன. நாம் காண்பது பூஞ்சையின் வித்துகளைப் பரப்பும் பகுதி மட்டுமே. அதன் நூலிழைகள் அதற்கு முன்பே கட்டைக்குள் பரவியிருக்கும். அந்த மரம் உச்சியில் பச்சைப்பசேலென்று இருந்துகொண்டே ஒருநாள் அடியோடு சாயக்கூடும். அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின்மீது அதன் விசை நான்கு மடங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அப்பா பயந்த மூன்றைவிட, யாரும் பயப்படாத ஒன்றே பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்கு 'ஆர்போரிஸ்ட்' எனப்படும் மரநல வல்லுநர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் தண்டைத் தட்டிப் பார்ப்பார். தேவையானால் ஒலி அலைகளைச் செலுத்தும் கருவியால் உள்ளே எவ்வளவு கட்டை மிச்சம் என்று அளப்பார்.

வெட்டினால் எதை இழக்கிறோம்?

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் தேவை. பெரிய மரம் ஒன்று ஒரு வெயில் நாளில் நீராவிப்போக்கின் வழி 100 லிட்டர் நீரை வெளியேற்றுகிறது என்று கொள்வோம். அது சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும் வெப்பம் 245 மெகாஜூல். சுமார் 68 கிலோவாட் மணி. 1 குதிரைத்திறன் குளிர்சாதனம் மணிக்குச் சுமார் 2.6 கிலோவாட் மணி வெப்பத்தை அகற்றும். அதாவது, அந்தக் குளிர்சாதனம் இரவு பகலாக ஒரு நாள் முழுவதும் ஓடுவதற்குச் சமம். இந்தக் குளிர்ச்சி காற்றோடு கலந்து பரவிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நிழல் வீட்டுச் சுவரிலேயே விழுகிறது. மேற்குப் பக்கம் நிற்கும் மரத்தை எடுத்துவிட்டால், பிற்பகல் வெயில் நேராக அறைச் சுவரைச் சுடும்.

மேட்டு நிலத்தில் அல்லது சரிவில் வீடு இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. வெட்டியவுடன் ஒன்றும் ஆகாது. சில ஆண்டுகளில் வேர்கள் மக்கிய பிறகே மண் பிடியை இழக்கும். காரணமும் விளைவும் இப்படித் தள்ளி நிற்பதால் பலர் இதை இணைத்துப் பார்ப்பதில்லை.

வெட்டாமல் தீர்க்க முடியுமா?

கூரையை உரசும் கிளை, மழைநீர்க் கால்வாயை அடைக்கும் இலை, பக்கத்து வீட்டில் விழும் பழம் ஆகியவற்றுக்கு மரம் முழுவதையும் வெட்டத் தேவையில்லை. காய்ந்த கிளைகளையும் நெருக்கமான கிளைகளையும் மட்டும் கழித்தால் போதும்.

ஆனால் உச்சியை மொட்டையடிப்பது தீர்வு அல்ல. மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் புதுக் கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். வளர்ந்து கனமானதும் எளிதில் பிய்ந்து விழும். இன்றைய பயத்தைத் தீர்க்கப்போய் ஐந்தாண்டு கழித்து வரப்போகும் ஆபத்தை நட்டவர்கள் ஆவோம்.

கிளையை எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து ஒன்றை விளக்கினார்: நம் தோலைப்போல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் அந்த இடத்தைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைத்த வளையத்தில்தான் இந்தத் தற்காப்பு வலுவாக இருக்கிறது. அந்த வளையத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும்.

நம் வீட்டு மரம், ஆனாலும் சட்டம் உண்டு

தீபகற்ப மலேசிய மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஒரு வரம்பை வைத்திருக்கிறது. தண்டின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்து தரும் மரத்துக்கும் விலக்கு உண்டு. கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் சபா, சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரங்களுக்கு அனுமதி வேண்டும். 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 25 செண்டிமீட்டர்தான். வீட்டு மாமரங்கள் பல அதைத் தாண்டிவிடும். ஆகவே, ஆளைக் கூப்பிடும் முன் மன்றத்தைக் கேட்பதே நல்லது.

வெட்டுவது முடிவானால், அது அப்பாவும் மாமாவும் ஏணி போட்டுச் செய்யும் வேலை அல்ல. பாரம் தாங்கி நிற்கும் கிளை அறுபடும்போது எந்தப் பக்கம் துள்ளும் என்பது பழகாத கண்ணுக்குத் தெரியாது. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்துக்குத் தெரிவித்த பிறகே தொட வேண்டும். கிளைகளில் குஞ்சுகளுடன் கூடு இருக்கிறதா என்று பார்த்து, அவசரம் இல்லையென்றால் சில வாரம் பொறுக்கலாம்.

பாட்டியின் மரம்

அந்த மூலை வீட்டு மாமரம் நிற்குமா, விழுமா? வல்லுநர் பார்த்த பிறகுதான் தெரியும். அழுகல் சிறிதென்றால் கிளைகளின் பாரத்தைக் குறைத்து, சிமெண்டை உடைத்து, ஆண்டுதோறும் கவனித்து வரலாம். பெரிதென்றால் வெட்டத்தான் வேண்டும். அப்போது பாட்டியும் அதை ஏற்றுக்கொள்வார்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மரத்தின் நலமான கிளை நுனிகளை எடுத்து, இளம் மாங்கன்றுகளில் ஒட்டுக் கட்டிவிடலாம். ஒட்டு பிடித்து வளரும் பகுதி, தாய்மரத்தின் அதே மரபணுவைக் கொண்டது. அதே பழம், அதே சுவை. வெட்டிச் சாய்த்த பிறகு நினைவுக்கு வந்தால், குச்சிகள் காய்ந்துபோயிருக்கும். புதுக்கன்றுக்குச் சுவரிலிருந்து தள்ளி, வேர் பரவ மண் விட்டு இடம் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, π-ஆல் வகுத்து விட்டத்தைக் கண்டுபிடியுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு தாள்களில் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி ஒட்டுங்கள். மற்றொன்றைத் தட்டையாகவே வையுங்கள். இரண்டையும் இரு புத்தகங்களுக்கிடையே பாலம்போல் வைத்து, நடுவில் நாணயங்களை அடுக்குங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள குழாய் எத்தனை நாணயம் தாங்குகிறது?

3. மரத்தடியைச் சுற்றி வந்து காளான், வெடிப்பு, மேலெழும்பிய மண் உண்டா என்று குறித்து, தேதியிட்டுப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.