மூளை ஆய்வும் ஓர் இணையரின் அறக்கொடையும்

கொடை இரு வகைப்படும். பசித்தோர்க்கு உணவும் பிணியுற்றோர்க்கு மருந்தும் வழங்குதல் ஒன்று. அதன் பயனைக் கொடுத்தவர் தம் கண்ணெதிரே காண்பார். நோய் எதனால் தோன்றுகிறது என ஆராய்வோர்க்குப் பொருள் வழங்குதல் மற்றொன்று. அதன் பயன் கொடையாளரின் வாழ்நாளுக்குள் கிட்டும் என்னும் உறுதியில்லை. இந்த இரண்டாம் வகைக் கொடைக்கு அண்மைக்காலச் சான்றாக விளங்குவோர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், சுதா கோபாலகிருஷ்ணன் தம்பதியர் ஆவர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியலும் கணினி அறிவியலும் பயின்ற கோபாலகிருஷ்ணன், 1981-இல் இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த எழுவருள் ஒருவர். 2007 முதல் 2011 வரை அதன் தலைமைச் செயல் அலுவலராகவும் விளங்கியவர். கணினித் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு அவரும் துணைவியாரும் பிரதீக்ஷா அறக்கட்டளையை நிறுவினர். எதிர்நோக்கிக் காத்திருத்தல் என்பது அவ்வடசொல்லின் பொருள். அவர்கள் தேர்ந்துகொண்ட பணிக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது.

மறதி நோயும் சிற்றூர் ஆய்வும்

முதுமையில் மறதி இயல்புதானே என நாம் பலவற்றைப் புறக்கணித்து விடுகிறோம். ஆயின், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைச் சிதைக்கும் நோயாகும். இந்தியாவில் அறுபது அகவை கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆட்பட்டுள்ளதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. எனவே, நோயுற்றோரை மட்டும் ஆராய்ந்தால் நோயின் தொடக்கம் புலப்படாது. நலமாக இருப்போரையே நெடுங்காலம் தொடர்ந்து நோக்குதல் வேண்டும்.

இதன் பொருட்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் அமைய இவ்விணையர் 2014-இல் 225 கோடி ரூபாய் வழங்க முன்வந்தனர். இம்மையம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரச் சிற்றூர்களில், 45 அகவை கடந்த பத்தாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்வதை இலக்காகக் கொண்டது. நினைவாற்றல் சோதனை, குருதிச் சோதனை, எம்.ஆர்.ஐ. படம், மரபணு ஆய்வு ஆகியன இதில் அடங்கும். மேலைநாட்டார் உடலைக்கொண்டு பெற்ற முடிவுகளையே நம்பியிராது, நம் மக்களின் உணவு, கல்வி, உழைப்பு ஆகியவற்றோடு இந்நோய்க்குள்ள தொடர்பை அறிய இது வழிவகுக்கும்.

சென்னையில் மூளை வரைபடம்

சென்னை ஐ.ஐ.டி.யிலும் சுதா கோபாலகிருஷ்ணன் பெயரால் ஒரு மூளை மையம் இயங்குகிறது. மனித மூளையை மிக மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் உயிரணு புலப்படும் நுட்பத்தில் படமெடுத்து, கணினியால் முப்பரிமாண வடிவில் இணைப்பது அதன் பணி. கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கு 5,132 சீவல்களைக் கொண்டு உருவாக்கிய ‘தரணி’ என்னும் வரைபடத்தொகுதியை 2024-இல் இம்மையம் வெளியிட்டது. உலக ஆய்வாளர் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

பொருள் கொடுத்தோரை மட்டும் போற்றுதல் போதாது. தமக்கு நேரடிப் பயனில்லை எனினும், குருதியும் காலமும் ஈந்து ஆய்வுக்கு உடன்பட்ட சிற்றூர் மக்களும் கொடையாளரே. மாணவச் செல்வங்களே! அறிவியல் கற்போர் இத்தகு நெடும்பணிக்கு முன்வருக. ஏனையோர் இல்லத்து முதியோரின் மறதியை எள்ளாது, உரிய காலத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அதுவும் அறமே!