ஓர் உயிருக்கு எத்தனை ஆண்டு?

தர்மபுரி பேருந்து எரிப்பு வழக்கின் தீர்ப்பு தர்மபுரியில் எழுதப்படவில்லை, சேலத்தில் எழுதப்பட்டது. 2000 பிப்ரவரி 2 அன்று, பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை என்ற செய்தி பரவியதும், இலக்கியம்பட்டியில் மறிக்கப்பட்டு நின்ற கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குள் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா வந்திருந்த மாணவிகளில் மூவர் இறங்க வழியின்றிக் கருகிப்போனார்கள். அவர்களில் ஒருவர் நாமக்கல்காரர். ஏழாண்டு கழித்து, 2007 பிப்ரவரியில், சேலம் அமர்வு நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. 2016 மார்ச்சில், மறுஆய்வு மனுவின் பேரில், அதே உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் வேலூர் சிறையிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று பிள்ளைகளின் உயிருக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று அன்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் கேள்வியே ஒரு தவறான தராசை வைத்துக்கொண்டு பேசுகிறது: ஒரு தட்டில் போன உயிர், மறு தட்டில் குற்றவாளி சிறையில் கழித்த ஆண்டுகள். இந்தத் தராசு எந்தக் காலத்திலும் நேராக நிற்காது. போன உயிருக்கு ஈடாகப் பத்து ஆண்டும் போதாது, நூறு ஆண்டும் போதாது. தண்டனை எடைபோடுவது செத்தவரின் மதிப்பை அல்ல, கொன்றவரின் குற்றத்தை. உயிரின் மதிப்பு தெரிவது வேறு இடத்தில். அந்த இடம் தீர்ப்பு நாளுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது, நம் கண் அங்கே போவதே இல்லை.

நாமக்கல் பக்கத்தில் இதை விளக்க உதாரணம் தேடி அலைய வேண்டாம். லாரியும் டேங்கரும் ரிக் வண்டியும் சோறு போடும் ஊர் அது. விடியற்காலையில் கண் அசந்து சாலையோரம் நடந்துபோனவர் மீது வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநர் ஒருவர். பகையாளி வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து ஏற்றியவர் இன்னொருவர். செத்தவர் வீட்டில் இரண்டும் ஒரே இழவுதான். ஆனால் முதலாமவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு, இரண்டாமவருக்கு ஆயுள் அல்லது தூக்கு. இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கான தண்டனையை 5 ஆண்டாக உயர்த்தியது. 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மோதிவிட்டுப் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் ஓடுகிறவருக்கு 10 ஆண்டு வரை என்றது. இதை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாட்டின் பல பகுதிகளில் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவை மட்டும் மத்திய அரசு ஒதுக்கி வைத்தது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், அதனால்தான் ஓடுகிறோம் என்பது ஓட்டுநர்கள் வாதம். ஓடாமல் தகவல் சொல்லியிருந்தால் அடிபட்டவர் பிழைத்திருக்கலாம் என்பது சட்டத்தின் வாதம். உயிர் மலிவானது என்று இரு தரப்பிலும் யாரும் சொல்லவில்லை. ஓடியவன் மனத்தில் என்ன இருந்தது என்பதுதான் முழுச் சண்டையும்.

உயிருக்கு ரூபாயில் விலை போடும் நீதிமன்றமும் நம்மிடம் உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இறந்தவரின் வயதைப் பார்க்கும், ஆண்டு வருமானத்தைப் பார்க்கும், சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 15 முதல் 25 வயதுக்குள் இருந்தால் 18 ஆல் பெருக்கும். அங்கே தறிக்காரரின் உயிருக்கு ஒரு தொகை, டாக்டரின் உயிருக்கு வேறு தொகை. குடும்பம் இழந்த வருமானத்தை ஈடுகட்டும் கணக்கு என்பதால் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். இதே கணக்கைக் குற்றவியல் நீதிமன்றம் போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? செத்தவர் யார், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்த்துத் தண்டனை ஏறி இறங்கும். இந்தியாவில் அப்படி ஒரு காலம் இருந்தது. தண்டனை, கொன்றவரின் குற்றத்தோடு மட்டும் கட்டப்பட்டிருப்பது செத்தவரை அவமதிக்க அல்ல. எல்லா உயிரையும் ஒன்றாக வைக்க அதுதான் ஒரே வழி.

உயிருக்கு உயிர் என்பவர்கள் மனுநீதிச் சோழனை அழைத்து வருவார்கள். கன்றுக்கு ஈடாக மகனைத் தேர்க்காலில் இட்ட அந்தக் கதையை நாம் போற்றுவது, அரசன் தன் பிள்ளையென்று பார்க்கவில்லை என்பதற்காக. ஆனால் வேண்டுமென்று ஏற்றினானா, தெரியாமல் நேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமே இல்லை. இன்றைய நாமக்கல்லில் அதே நீதியை நடத்தினால் லாரி ஓட்ட ஆள் கிடைக்காது. சேலத்துக்குத் தூக்குமேடையும் புதிதல்ல. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரை 1995 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டது சேலம் மத்திய சிறையில்தான். தமிழ்நாட்டில் நிறைவேற்றப்பட்ட கடைசித் தூக்கு என்று அதைச் சொல்கிறார்கள். சட்டமும் மெல்ல மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. 1955 வரை, கொலைக்குத் தூக்கு விதிக்காமல் விட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது: தூக்கு விதிப்பதென்றால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கு, அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டுமே தூக்கு என்றது. 1983-இல் மித்து வழக்கில், ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவையே உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. எழுதிவைத்த விலைப்பட்டியலைப் பார்த்துத் தண்டனை கொடுக்காதே, குற்றத்தையும் ஆளையும் பார்த்துக் காரணம் எழுதிக் கொடு என்பதே இந்த நகர்வின் திசை.

அந்தத் திசையில் பார்த்தால் 2016 தீர்ப்பைக் குறைசொல்வது கடினம். கும்பல் வெறியில் நடந்த செயல், அந்த மாணவிகளை இவர்களுக்கு முன்பின் தெரியாது, கொல்வதென்று முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பவை அதன் காரணங்கள். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். உள்ளே பெண்கள் அலறிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றுகிறவனுக்குத் திட்டம் இல்லாமல் இருக்கலாம், விளைவு தெரியாமல் இருக்க முடியாது. கும்பல் வெறியைச் சலுகையாக்கினால் நம் ஊர்ச் சாதிக் கலவரங்களில் பாதி அந்தச் சலுகைக்கு விண்ணப்பம் போடும். ஆனாலும் காரணம் எழுதப்பட்டது, எழுதப்பட்டதால் அதோடு மல்லுக்கட்ட முடிகிறது. தூக்கு ஆயுளாவது உயிரை மலிவாக்கிவிடவில்லை.

இதன் பக்கத்தில் ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கை வைத்துப் பாருங்கள். பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர், வயது 21. 2015 ஜூன் 23 அன்று, வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனவரை அங்கிருந்து கடத்தினார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை போலக் காட்ட எல்லா ஏற்பாடும் நடந்திருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் சாதி அமைப்பு ஒன்றின் தலைவரான யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 5 பேரை விடுவித்தது. யுவராஜுக்கு மூன்று ஆயுள், அதுவும் சாகும் வரை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜ் உட்பட 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்து, இருவருக்கு மட்டும் 5 ஆண்டாகக் குறைத்தது. உயிரை எண்ணிப் பார்த்தால் கணக்கு விபரீதமாக இருக்கிறது: மூன்று பேர் செத்த வழக்கில் குற்றவாளிகள் வெளியே, ஒருவர் செத்த வழக்கில் சாகும் வரை உள்ளே. குற்றத்தைப் பார்த்தால் கணக்கு புரிகிறது. ஒன்று வெறி, மற்றொன்று திட்டம். ஒன்றில் யார் சாவார்கள் என்று தெரியாது, மற்றொன்றில் இன்ன சாதிப் பையன் என்பதற்காகவே சாவு.

ஆனால் இந்த இரண்டு வழக்கையும் ஒன்றாக நிறுத்தும் ஓர் ஒற்றுமை உண்டு, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டிலும் நீதிமன்றத்தையே ஊர் மாற்ற வேண்டியிருந்தது. பேருந்து வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். நாமக்கல் மாணவியின் தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே விசாரணை சேலத்துக்கு மாறி முதலிலிருந்து தொடங்கியது. கோகுல்ராஜ் வழக்கு நாமக்கல்லில் நடந்தது. அங்கும் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். கோகுல்ராஜின் தாய் மனுப்போட்டு, 2019-இல் வழக்கு மதுரைக்குப் போனது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே வக்கீலைத் தேடி, மனு எழுதி, பஸ் ஏறிப் போய் நீதிமன்றத்தை நகர்த்தினால்தான் வழக்கு நிற்கும் என்றால், அரசு அந்த உயிருக்குக் கொடுத்த மதிப்பு எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. பிறகு நீதிபதி எத்தனை ஆண்டு எழுதினாலும் அது மாறப்போவதில்லை. சாட்சிக்குப் பாதுகாப்பு தராத அரசு தூக்குக் கேட்பது எளிது, செலவும் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு நடப்பதும் இப்படித்தான். ஆயுள் என்றால் 14 ஆண்டு என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அது தவறு. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை போன்ற குற்றத்துக்கு 14 ஆண்டுக்குள் விடக்கூடாது என்பதுதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் ஆளுநர் பெயரால் அரசு செய்யும் விடுதலையை அந்த 14 கட்டாது. எனவே அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008-இல் 7 ஆண்டு முடித்த 1,405 ஆயுள் கைதிகள் வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 ஆண்டு முடித்தவர்கள் வந்தார்கள். பேருந்து வழக்கின் மூவரும் அந்தக் கணக்கில்தான் வந்தார்கள். ஆளுநர் பன்வாரிலால் புரோகித் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி அனுப்பியது, கையெழுத்தானது. எதிர்ப்புக் கிளம்பிய பின் ராஜ்பவன் விளக்கம் தந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், 1997 மேலவளவு படுகொலை வழக்கின் 13 பேர் அதே நூற்றாண்டின் பெயரில் விடுதலையானார்கள். தண்டனை கொடுக்க நீதிபதி பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறார், தரப்புகள் வாதாடுகின்றன. அதே தண்டனையைப் பாதியில் வெட்டும்போது ஒரு தலைவரின் பிறந்த ஆண்டு காரணமாகிறது. அண்ணாவுக்கும் எம்.ஜி.ஆருக்கும் இதனால் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை.

மனிதன் திருந்துவான், அந்தக் கதவை அடைக்கலாமா என்று கேட்பார்கள். அடைக்கக்கூடாது. சாகும் வரை என்று எழுதிச் சாவியைக் கிணற்றில் போடும் தண்டனையிலும் எனக்கு நிம்மதி இல்லை. திருந்தியவருக்கு உழைப்பதற்கான காரணத்தையே அது பறித்துவிடுகிறது. ஆனால் திருந்தினார் என்பதை யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? குற்றத்தின் தன்மை, மறுபடி செய்யும் வாய்ப்பு, சிறை நடத்தை, குடும்ப நிலை என்று ஒவ்வொரு கைதியையும் தனித்தனியாக ஆராயும் முறை சட்டத்தில் இருக்கிறது, தண்டித்த நீதிபதியின் கருத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது. நூற்றாண்டுப் பட்டியல் அந்த இரண்டையும் தாண்டிக் குதிக்கிறது. பில்கிஸ் பானு வழக்கில் 2022 சுதந்திர தினத்தன்று விடுவிக்கப்பட்ட 11 பேரை, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. விடுவிக்கும் அதிகாரமே குஜராத் அரசுக்கு இல்லை என்றது. கருணைக்கும் நடைமுறை உண்டு என்பதற்கு அது சாட்சி. கருணை காட்டுவதற்கு முன்னால் செத்தவர் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிக் கேட்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல. அவர்கள் வேண்டாம் என்றால் விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குச் செய்தித்தாளைப் பார்த்துத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, 2023 ஜனவரியில், நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டுக்கே வந்தார்கள். சம்பவ இடத்தை நேரில் பார்க்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதிபதிக்கு அனுமதி தருகிறது, பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம். இருவரும் மலைமேல் கோயிலுக்குப் போனார்கள், கேமரா எங்கே இருந்தது, எந்த வாசல் வழியாக யார் போனார்கள் என்று பார்த்தார்கள். பிறகு பள்ளிபாளையத்துக்குப் போய், அந்தப் பையனின் உடல் கிடந்த தண்டவாளத்தின் ஓரமாக நடந்தார்கள்.