பரிசு பெற்ற ஆர்க்கிட் தாம்பரத்தில் பூக்குமா?

தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் நிழல்வலை கட்டி ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுவோர் பலர். ‘கண்காட்சியில் பரிசு வாங்கிய ரகம்’ என்று சொல்லி விற்கும் கன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன், அந்தப் பரிசின் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

மதிப்பெண் எப்படி?

பல நாடுகளில் ஆர்க்கிட் சங்கத்தினர் மாதந்தோறும் கூடி, பூத்திருக்கும் தொட்டிகளை மேசையில் வரிசையாக வைப்பார்கள். பூவின் வடிவம், நிறம், அளவு, இதழின் கனம், காம்பில் பூக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு ஆகியவற்றை நடுவர்கள் பார்ப்பார்கள். அமெரிக்க ஆர்க்கிட் சங்க முறைப்படி, 100-க்கு 75 முதல் 79 வரை பெற்றால் ‘எச்.சி.சி.’, 80 முதல் 89 வரை ‘ஏ.எம்.’, 90-ம் அதற்கு மேலும் ‘எஃப்.சி.சி.’ விருது. செடியின் பெயருக்குப் பின்னால் இந்த எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள்.

ஆனால், விருது அந்த ஒரு செடிக்குத்தான். நல்ல மாமரத்தின் கொட்டையை நட்டால் தாய்மரம் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றுதான் தாயின் குணத்தைக் கொண்டுவரும். ஆர்க்கிட்டிலும் அப்படியே. விருதுச் செடியைப் பிரித்து எடுத்த கன்றோ, ஜி9 வாழை போலத் திசு வளர்ப்பில் வந்த கன்றோதான் அதே பூவைத் தரும். விதையில் வந்த கன்று எப்படிப் பூக்கும் என்று சொல்ல முடியாது.

பரிசிலிருந்து மாலைக்கு

சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் உருவான கலப்பினம் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’. அதன் தாய் தந்தையில் ஒன்று, நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வளரும் வாண்டா டெரெஸ். 1893-ல் இந்தப் பூ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1899-ல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் மிக அரிய ஆர்க்கிட்டுக்கான பரிசைப் பெற்றது. 1981-ல் அந்நாட்டின் தேசிய மலரானது. ஹவாய்த் தீவுகளில் மாலைக்காகவே இதைப் பெரிய அளவில் பயிரிட்டார்கள். காரணம், முழு வெயிலைத் தாங்கி, அடிக்கடி பூக்கும் குணம். ஒரு தோட்டத்துப் பூவை வயலுக்குக் கொண்டுவந்தது அந்தக் குணம்தான்.

எது தோதுப்படும்?

சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் விவசாயிகளுக்கு வருமானம் தரும் சிம்பிடியம் எத்தனை விருது வாங்கியிருந்தாலும், தாம்பரத்தில் பூப்பது கடினம். அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். சமவெளிக்கு டென்ட்ரோபியம், மொக்காரா, வாண்டா வகைகளே ஏற்றவை. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவிகித நிழல்வலை போதும். அக்னி நட்சத்திர நாள்களில் கூடுதல் நிழல் கொடுக்கலாம்.

மண் வேண்டாம். அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டுகளைத் தொட்டியில் நிரப்பினால் வேருக்குக் காற்று கிடைக்கும். புறநகரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றினால் இலை நுனி கருகும், வேர் கெடும். பிடித்து வைத்த மழைநீர் சிறந்தது. நீரில் கரையும் 20:20:20 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியில் ஈரம் தங்கினால் அழுகல் வரும். மேலே பாலித்தீன் கூரை போடுவது பாதுகாப்பு.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது திசு வளர்ப்புக் கன்றா, விதைக் கன்றா? இதே வகை சென்னை வெயிலில் பூத்ததை நேரில் பார்க்க முடியுமா? காட்டிலிருந்து எடுத்து வந்ததா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் வாங்கவே வேண்டாம். முதலில் பத்துத் தொட்டி வைத்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிய பிறகு, பெருக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.