உங்களுக்குத் தெரியுமா? 1 அடி போனால் 40 அடி போச்சு

முல்லைத்தீவுக் கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும். அந்த 1 அடியை மோட்டார் உறிஞ்சிவிட்டால், காலப்போக்கில் உவர் அந்த 40 அடியும் மேலேறும்.

• கடல்நீர் பாரம் கூடியது. நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது.

• 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் அதுவே அடியிலிருந்த உவரை மேலே இழுத்தது. உப்பை மெல்லக் கழுவியது மாரி மழைதான்.

• உள்நாட்டில் நிலை வேறு: வவுனியாவின் கருங்கல் நிலத்தில் கிணற்றைக் காப்பது குளம். குளம் வற்றினால் கீழ்ப்புறக் கிணறுகளும் இறங்கும்.

கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் கரையோரக் கிணற்றைக் கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, பிறகு இறையுங்கள். கிணற்றின் அடி தெரிய இறைக்கவே வேண்டாம்.