ஓசையை அடக்கும் ஓசை

தீயைத் தீயால் அணைத்தல் இயலாது. இருளை இருளால் நீக்குதலும் இயலாது. ஆயின், ஓசையை ஓசையால் அடக்கலாம் என்று சொன்னால் வாசகர்களுட் சிலர் நகைக்கக்கூடும். நகைப்புக்கு இடமான இக்கருத்தை 1933 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை மனுவாக எழுதி முன்வைத்தார் பவுல் லூக் என்னும் ஜேர்மானியர். அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1936 இல் கிடைத்தது. கருத்துப் பிறந்துவிட்டது, அதனைச் செயலாக்கும் நுண்கருவிகள் அன்று இருக்கவில்லை. 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்கு விமானத்திற் சென்ற பேராசிரியர் அமர் போஸ், விமானத்தில் வழங்கப்பட்ட ஒலிக்கருவியின் இசை இயந்திர இரைச்சலில் அமிழ்ந்து போவதைக் கண்டு, ஆசனத்தில் இருந்தபடியே கணக்கிடத் தொடங்கினார். இவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஒருவரின் மைந்தர். 1989 இல் விமானிகளுக்கான தலையணிக் கருவி இவருடைய நிறுவனத்திலிருந்து வெளிவந்தது.

அன்று விமானிகளின் தலையில் ஏறிய தத்துவம் இன்று மாணவரின் சட்டைப்பைக்குள் இறங்கிவிட்டது. 'இயர்பட்ஸ்' என்று கடைக்காரர் வழங்கும் கம்பியில்லாச் செவிக்கருவிகளையே சொல்கின்றேன். இருநூற்றைம்பது அமெரிக்க டொலர் விலையுள்ளவையும் உண்டு. பத்து டொலருக்குக் கிடைப்பவையும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, நூறு டொலரை ஒட்டி நிற்பவை பற்றியே இங்கு ஆராய விரும்புகின்றேன். 2023 இல் ஏறத்தாழ 120 டொலருக்கு வெளிவந்த சோனியின் 'டபிள்யூ எப் - சீ 700 என்', 2024 இல் 99 டொலருக்கு வெளிவந்த நத்திங் நிறுவனத்தின் 'இயர் (ஏ)' முதலியன இவ்வகையின. நான் பொறியியலாளன் அல்லன். நாள்தோறும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணஞ் செய்பவன்; அந்நேரத்தில் விரிவுரைகளையும் இசையையும் கேட்பவன். ஆதலால், அன்றாட வாழ்வுக்கு இவை எவ்வளவு உதவும் என்பதே என் கேள்வி.

முதலில் இக்கருவி செய்வது யாது என அறிதல் வேண்டும். கருவியின் புறத்தே உள்ள சிறிய ஒலிவாங்கி வெளி இரைச்சலை உணர்கின்றது. உள்ளேயுள்ள நுண்சில்லு, அவ்வலையின் மேடு இருக்கும் இடத்திற் பள்ளமும் பள்ளம் இருக்கும் இடத்தில் மேடும் அமைந்த எதிரலை ஒன்றைப் படைத்துச் செவிக்குள் விடுகின்றது. இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஆயின் இப்பணி கணநேரத்தில் நடைபெற வேண்டும். வினாடிக்கு 100 முறை அதிரும் இயந்திர உறுமலை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் அலை முடிய வினாடியின் நூறிலொரு பங்கு செல்லும். கருவி வினாடியின் பத்தாயிரத்திலொரு பங்கு பிந்தினாலும், அலையின் நூற்றிலொரு பங்கே தவறுகின்றது. இரைச்சலின் வீச்சிற் பதினாறில் ஒரு பங்களவே எஞ்சும். வினாடிக்கு 3000 முறை அதிரும் கூரிய ஒலிக்கோ, அதே பிந்துகை அலையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகிவிடும். அப்போது எதிரலை பகையை அழிப்பதை விடுத்து அதற்கே துணை போகும். எனவேதான் உயர்ந்த ஒலிகளை இக்கருவிகள் பெரும்பாலும் எதிர்க்க முற்படுவதில்லை.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. பஸ்ஸின் உறுமல், மின்விசிறியின் இரைச்சல், ஜெனறேற்றரின் ஓலம் ஆகியன அடங்கும். பக்கத்து ஆசனத்தாரின் பேச்சும், குழந்தையின் அழுகையும், முச்சக்கர வண்டியின் ஹோர்ன் ஒலியும் அவ்வாறு அடங்கா. பூரண மௌனத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவர். விலை கூடியதை வாங்கினாலும் இவ்வெல்லை சற்று நகருமேயன்றி மறையாது.

உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது செவித்துளையை அடைத்து நிற்கும் சிலிக்கன் நுனியே. பெட்டிக்குள் பெரும்பாலும் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகை நுனிகள் இருக்கும். பொருத்தப்பட்டு வரும் நடுத்தர நுனியோடு நின்றுவிடுவோர் பலர். என் வலச்செவிக்கு நடுத்தரமும் இடச்செவிக்குப் பெரிதும் பொருந்துகின்றன. பொருந்தாத நுனியின் இடுக்கு வழியே இரைச்சல் உட்புகுவதோடு, பாட்டின் மந்தர ஒலியும் வெளியே ஒழுகிவிடும். மிருதங்கத்தின் தொப்பி வலுவிழந்து ஒலிக்குமாயின், கருவியைப் பழிக்குமுன் நுனியை மாற்றிப் பார்த்தல் நன்று.

கருவியின் தரத்தை அளக்க நான் கையாளும் சோதனை மிக எளியது. இரவில், அமைதியான அறையில், ஒருவர் பேசும் பதிவு தெளிவாகக் கேட்குமளவுக்கு ஒலியை வைக்கின்றேன். என் கைத்தொலைபேசியில் அது நான்காம் படியில் நிற்கும். மறுநாள் பஸ்ஸில் அதே பேச்சைக் கேட்கின்றேன். இரைச்சல் நீக்கியை நிறுத்தி வைத்தால், லகர ளகர ழகர வேறுபாடு புலப்படப் பதினோராம் படிவரை செல்ல வேண்டியுள்ளது. அதனை இயக்கினால் ஏழாம் படி போதுமாகின்றது. இந்த நான்கு படிகளே நான் கொடுத்த விலையின் பயன். தாழ்ந்த ஒலியாகிய இயந்திர உறுமல் தன்னிலும் உயர்ந்த ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. அவ்வுறுமல் விலகவே, மெய்யெழுத்துக்களின் நுண்மை தானே வெளிப்படுகின்றது.

இது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்புச் சங்கமும் வகுத்த அளவின்படி, வளர்ந்தோர் 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒலி மூன்று தெசிபெல் உயரும்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும்; 83 தெசிபெலுக்கு 20 மணி, 86 தெசிபெலுக்குப் 10 மணி, 89 தெசிபெலுக்கு 5 மணி மாத்திரமே. பஸ்ஸின் இரைச்சலை வெல்வதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே செல்லும் மாணவன், வாரக் கணக்கை இரண்டொரு நாளிலேயே செலவழித்துவிடக்கூடும். உட்செவியில் உள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, இக்கருவி தரும் மௌனத்தைப் பாராட்டுவதிலும், அது குறைக்கச் செய்யும் ஒலியைப் பாராட்டுவதே பொருத்தம். இரைச்சல் நீக்கியை இயக்கிய பின்னும் ஒலியைப் பழைய படியிலேயே வைத்திருப்பவர் பணத்தையும் இழந்து செவியையும் இழக்கின்றார்.

இனிப் பற்றரி. பெட்டியின் மேல் பெரிய எழுத்திற் காணப்படும் மணிக்கணக்கை நம்பி வாங்குதல் ஆகாது. மேற்குறித்த 'இயர் (ஏ)' கருவிக்கு 42.5 மணி நேரம் எனக் கூறப்படுகின்றது. அது கூட்டின் மின்னையும் சேர்த்து, இரைச்சல் நீக்கியை நிறுத்திவைத்துக் கண்ட கணக்கு. நீக்கியை இயக்கி ஒரே தொடர்ச்சியாகக் கேட்டால் 5.5 மணி நேரமென அந்நிறுவனமே அறிவிக்கின்றது. சோனி கருவிக்கு அவ்வாறே அறிவிக்கப்பட்ட அளவு 7.5 மணி. நாள்தோறும் பயணஞ் செய்வோர்க்கு இவ்விரண்டாம் கணக்கே மெய்க்கணக்கு. இச்சிறு பற்றரிகளைக் கழற்றி மாற்றுதல் பொதுவாக இயலாத காரியம். சில ஆண்டுகளில் அவை தளர்வது உறுதி. விலையுயர்ந்த கருவியின் பற்றரியும் அவ்வாறே தளரும். நடுத்தர விலையே போதுமென நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டுக்குரிய சில இடர்ப்பாடுகளும் உள. நாம் யன்னலைத் திறந்து பயணஞ் செய்பவர்கள். விரைந்து வரும் காற்று புறத்தேயுள்ள ஒலிவாங்கியில் மோதுமாயின், கருவி அதனையே இரைச்சலெனக் கொண்டு தடுமாறும்; செவிக்குள் படபடப்பு எழும். யன்னலோரத்தை விட்டு உட்புற ஆசனத்தில் அமர்ந்தால் வேறுபாட்டை உணரலாம். வியர்வையும் மழையும் மற்றொரு பகை. நீர்த்தெறிப்பைத் தாங்குமென்று நான்காம் தரக் குறியீடேனும் இல்லாத கருவியை வாங்காதிருத்தல் நன்று. மேற்சொன்ன இரண்டுக்கும் அக்குறியீடு உண்டு.

தெருவில் நடக்கும்போது இக்கருவிகளைக் கழற்றிவிட வேண்டுமென்பது என் துணிபு. வெளியொலியை உள்ளே விடும் ஏற்பாடு இவற்றில் உண்டாயினும், வீதியைக் கடப்பவனுக்கு இயற்கைச் செவியே சிறந்த காவல். ஆசிரியர் அறையில் ஒருவர் நம்மை நோக்கி வாய் திறந்தவுடன் அவற்றைக் கையில் எடுத்துக்கொள்வதும் நாகரிகம்.

முடிவாகச் சொல்வதாயின், செவிக்குப் பொருந்தும் நுனி, நீக்கியை இயக்கிய நிலையில் ஐந்து மணிக்குக் குறையாத பற்றரி, பஸ்ஸில் ஒலியைக் குறைத்துக் கேட்க உதவும் ஆற்றல், இம்மூன்றும் அமைந்தால் நூறு டொலர்க் கருவி அன்றாடத் தேவைக்குப் போதுமானது. அதற்கு மேற் செலவிட வசதி படைத்தோர், எஞ்சிய பணத்திற்கு நல்ல நூல்கள் சிலவற்றை வாங்கிக்கொள்ளலாம். அவற்றைப் படிப்பதற்கு வேண்டிய அமைதியை இக்கருவியே தந்துவிடும்.