கைப்பேசியும் அதன் மின்கலமும்

இரவில் உறங்கப் போகுமுன் ஒருவர் தமது கைப்பேசியில் ஓர் அறிவித்தலைக் காண்கிறார். புதிய மென்பொருள் வந்திருக்கிறது; ஏற்றுக்கொள்ளலாமா என்று கருவி கேட்கிறது. அவரும் இசைவு தெரிவித்துவிட்டு உறங்கிவிடுகிறார். மறுநாட் காலையில் நூறு என்று காட்டிய மின்னேற்ற அளவு நண்பகலுக்குள் நாற்பதாகிவிடுகிறது. மாலை நான்கு மணிக்குக் கருவி முற்றாக அணைந்துபோகிறது. முந்திய நாள்வரை இரவு பத்து மணிக்கும் தாங்கிய அதே கருவி, அதே பயன்பாடு. இடையில் நிகழ்ந்தது ஒன்றே: மென்பொருள் மாறியது.

இந்நிலையில் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. பற்றரி கெட்டுவிட்டது என்பது ஒன்று. புதிய கருவியை வாங்கச் செய்வதற்காக உற்பத்தியாளரே பழையதைக் கெடுத்துவிட்டார் என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் உந்தப்பட்டுக் கடைக்குச் சென்று வீண்செலவு செய்பவரும் உளர். இரண்டாவது எண்ணத்தால் இனி எந்தப் புதுப்பிப்பும் வேண்டாமென்று மறுத்துவிடுபவரும் உளர். இவ்விரண்டும் அவசர முடிவுகளே. மின்னேற்றம் விரைந்து தீர்வதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

முதலாவது காரணம் தற்காலிகமானது. ஒரு நூல்நிலையத்தில் நூல்களை வகைப்படுத்தும் முறை மாற்றப்படுகிறது என்று கொள்ளலாம். வாசகரின் கண்ணுக்கு அலுமாரிகளும் மேசைகளும் பழையனவாகவே தோன்றும். நூலகரோ ஒவ்வொரு நூலையும் எடுத்துப் பார்த்து, புதிய அட்டை எழுதி, புதிய இடத்தில் வைக்கவேண்டும். வாசகர்கள் வீடு சென்றபின்னும் அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

கைப்பேசியிலும் இதுவே நிகழ்கிறது. புதிய மென்பொருள் அமைந்தவுடன், கருவியிலுள்ள கடிதங்கள், செய்திகள், கோப்புகள் முதலியவற்றைத் தேடுவதற்குரிய அட்டவணை மீண்டும் எழுதப்படுகிறது. சேமித்து வைத்த படங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, அவற்றிலுள்ள முகங்களும் பொருள்களும் இனங்காணப்படுகின்றன. செயலிகள் தத்தம் புதிய பதிப்புகளை இறக்கிக்கொள்கின்றன. அண்ட்ரொயிட் வகைக் கருவிகளிலோ, செயலிகளின் கட்டளைகள் புதிய மென்பொருளுக்கேற்ப மறுபடியும் மொழிபெயர்க்கப்படுகின்றன. திரை அணைந்திருக்கும்போதும் இவ்வேலைகள் நடைபெறுகின்றன. இவற்றுக்கு வேண்டிய மின்சாரம் அச்சிறு மின்கலத்திலிருந்தே செல்லவேண்டும். வேலை முடிந்ததும் செலவும் தணிந்துவிடும். பெரும்பாலும் சில நாள்களில் இது நிறைவெய்தும். 2025 செப்டெம்பரில் ஐ.ஓ.எஸ். 26 என்னும் மென்பொருள் வெளியானபோது, புதுப்பித்த உடன் மின்கலத்தின் தாங்குநேரம் தற்காலிகமாகக் குறையக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே பயனர்களுக்கு எழுதி அறிவித்தது.

இரண்டாவது காரணம் பிழை. மென்பொருள் மனிதர் எழுதுவது. ஆகவே அதிற் பிழை நேர்வதும் உண்டு. 2023 செப்டெம்பரில் ஐபோன் 15 வெளிவந்தபோது, அது கையில் பிடிக்கவியலாதபடி சூடேறுகிறது எனப் பலர் முறையிட்டனர். ஐ.ஓ.எஸ். 17 மென்பொருளில் ஒரு பிழை இருந்ததாகவும், இன்ஸ்டகிராம் முதலிய சில செயலிகளின் புதிய பதிப்புகள் கருவிக்கு மிகுந்த சுமையைக் கொடுத்ததாகவும் அப்பிள் நிறுவனம் தெரிவித்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திருத்தம் வெளியாயிற்று. வெப்பமாக வெளியேறுவதும் மின்கலத்திலிருந்து சென்ற மின்சாரமேயாதலால், சும்மா இருக்கும் கருவி சுடுமாயின் அதனுள் ஏதோ ஒன்று ஓயாது உழைக்கிறது என்பதே பொருள். இத்தகைய பிழைக்கு மருந்து அடுத்த புதுப்பிப்பேயன்றிப் புதிய மின்கலமன்று.

மூன்றாவது காரணம் முதுமை. இக்காலக் கைப்பேசிகளில் உள்ளது இலித்தியம் அயன் மின்கலம். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு அடிகோலிய ஜோன் குடினஃப், ஸ்டான்லி விற்றிங்ஹம், அகிரா யொஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றனர். மின்னேற்றும்போது இலித்தியம் அயன்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் சிறிதளவு இலித்தியம் வேண்டாத இரசாயன விளைவுகளிற் சிக்கி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே மின்கலம் நாளடைவிற் சுருங்குகிறது. ஐபோன் 14 வரையிலான கருவிகளின் மின்கலம் 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் ஆதிக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்றுகளாக உயர்ந்தது என்றும் அப்பிள் நிறுவனம் கூறுகிறது.

வன்னியிலுள்ள குளங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஆண்டுதோறும் வண்டல் படிந்து தூர்ந்த குளமும் மாரியில் விளிம்புமட்டும் நிரம்பத்தான் செய்யும். ஆனால் முன்னர் போகமுழுவதும் பாய்ந்த நீர் இப்போது பாதியிலே வற்றிவிடும். கைப்பேசித் திரையில் தோன்றும் நூறு என்ற எண் ஆதி ஆழத்தைக் குறிப்பதன்று. இன்றைய குளம் நிரம்பியிருக்கிறது என்பதையே அது குறிக்கிறது. அன்றியும், தூர்ந்த குளத்தின் துருசும் அடைபட்டிருக்கும். வயலுக்கு ஒரே நேரத்தில் மிகுந்த நீர் வேண்டுமெனில் அதனால் கொடுக்க இயலாது. முதிர்ந்த மின்கலத்தின் உட்தடை மிகுவதும் இதனைப் போன்றதே. கருவி திடீரெனப் பெரிய வேலையைத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்து, முப்பது சதவீதம் எஞ்சியிருக்கையிலும் அது அணைந்துவிடுகிறது. புதுப்பிப்பு கொண்டுவரும் மேலதிகச் சுமை இந்த மறைந்த முதுமையை வெளிப்படுத்துகிறது. பயனரோ மென்பொருளே மின்கலத்தைக் கெடுத்தது என்று எண்ணுகிறார்.

அவ்வாறெனின், உற்பத்தியாளர்மீது மக்கள் கொண்ட ஐயம் முற்றிலும் வீண்தானா? அன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐபோன் 6, 6எஸ் ஆகிய கருவிகள் திடீரென அணைந்துவிடுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2017 சனவரியில் ஐ.ஓ.எஸ். 10.2.1 என்னும் மென்பொருள் வெளியாயிற்று. அணைந்துபோதல் பெரிதும் குறைந்தது. ஆனால் அது எவ்வாறு குறைந்தது என்பது பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில், கருவிகளின் வேகத்தை அளக்கும் மென்பொருளை ஆக்கிய கனடா நாட்டவரான ஜோன் பூல், தம்மிடம் திரண்டிருந்த அளவீடுகளை ஒப்பிட்டு நோக்கினார். அம்மென்பொருளுக்குப்பின் பழைய கருவிகள் பலவற்றின் வேகம் குறைந்திருந்தது. இரண்டு நாள்களுள் அப்பிள் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. முதிர்ந்த மின்கலம் தாங்கமாட்டாத சுமையைத் தவிர்ப்பதற்காகக் கருவியின் வேகத்தை மென்பொருளே மட்டுப்படுத்தியிருந்தது.

பொறியியல் நோக்கில் இது தகாத செயலன்று. துருசு அடைபட்ட குளத்திலிருந்து சிறிது சிறிதாக நீர் விடுவது அறிவுடைமையே. தவறு நேர்ந்தது அதனைச் சொல்லாமல் விட்டதில். வேகங்குன்றிய கருவியைக் கண்டவர், அதன் காலம் முடிந்துவிட்டதென்று எண்ணிப் பல நூறு டொலர் கொடுத்துப் புதியதை வாங்கியிருப்பார். மின்கலத்தை மட்டும் மாற்றினாற் பழைய வேகம் திரும்பும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அந்த அறியாமையின் விலையைச் செலுத்தியவர் அவரே.

அந்நிறுவனம் அம்மாத இறுதியிலேயே மன்னிப்புக் கேட்டது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வெளியான ஐ.ஓ.எஸ். 11.3 மென்பொருளில், மின்கலத்தின் நலத்தைப் பயனரே பார்க்கவும் வேகக் கட்டுப்பாட்டை நீக்கவும் வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் இத்தாலிய நாட்டுப் போட்டி ஆணையம் அப்பிள் நிறுவனத்துக்கு 10 மில்லியன் யூரோவும், நோட் 4 கருவியிற் புகுத்திய புதுப்பிப்புத் தொடர்பாகச் சாம்சங் நிறுவனத்துக்கு 5 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. 2020 பெப்ரவரியில் பிரான்ஸ் நாட்டில் அப்பிள் நிறுவனம் 25 மில்லியன் யூரோ செலுத்த நேர்ந்தது. புதுப்பிப்பினால் வேகம் குறையக்கூடும் என்பதை நுகர்வோருக்கு அறிவிக்காமையே அங்கே கூறப்பட்ட குற்றம். ஐக்கிய அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர்வரை வழங்கும் இணக்கத்துக்கும் அந்நிறுவனம் உடன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 800 சுற்றுகளுக்குப் பின்னும் மின்கலம் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்கவேண்டும் என்ற விதி 2025 யூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆயினும், இவ்வரலாற்றைக் கேட்டுப் புதுப்பிப்பை முற்றாகத் தவிர்ப்பது வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். பிறர் உட்புகும் ஓட்டைகளை அடைப்பதே பல புதுப்பிப்புகளின் நோக்கமாகும். 2021 செப்டெம்பரில் வெளியான ஐ.ஓ.எஸ். 14.8, பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் நுழைந்த ஒரு வழியை அடைத்தது. மறுப்பவர் மின்னேற்றத்தைக் காத்து, தம் கடிதங்களையும் கணக்குகளையும் இழக்க நேரலாம்.

ஆகவே செய்யத்தக்கது யாது? புதுப்பித்தபின் இரண்டு மூன்று நாள் பொறுத்தல் முதலாவது. அந்நாள்களில் இரவிற் கருவியை மின்னிணைப்பிலும் வீட்டு இணையத் தொடர்பிலும் விட்டுவைத்தால் உள்வேலைகள் அப்போதே முடிந்துவிடும். அதன்பின்னும் குறை நீடித்தால், அமைப்புகள் பகுதியிலே மின்கலம் என்ற தலைப்பின்கீழ் எந்தச் செயலி எவ்வளவு செலவிட்டது என்ற கணக்கைப் பார்க்கவேண்டும். ஒரு செயலி மட்டும் பெரும்பங்கை விழுங்கியிருந்தால், அதனைப் புதுப்பிப்பதோ நீக்குவதோ போதும். கணக்கில் எச்செயலியும் மிகையாகத் தோன்றவில்லையெனில் மின்கலத்தின் நலத்தை நோக்கவேண்டும். அது 80 சதவீதத்துக்குக் கீழே சென்றிருந்தால், மாற்றவேண்டியது மின்கலத்தையேயன்றிக் கருவியையன்று. வெப்பத்தினின்றும் கருவியைக் காத்தல் வேண்டும். சூழல் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடவாத இடமே அதற்கு ஏற்றது என்கிறார்கள் ஆக்கியோர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நண்பகல் வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உள்ளே அவ்வெல்லை எளிதிற் கடந்துவிடும்.

பொறுமை, கணக்கு, பின்னர் தீர்ப்பு என்பதே இங்குப் பயனருக்குரிய முறை. ஆனால் கணக்குப் பார்ப்பதற்கு ஏடு திறந்திருக்கவேண்டும். தம் பணத்தில் வாங்கிய கருவியினுள், தம் இசைவைப் பெற்று நுழையும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை அறிவது பயனரின் உரிமை. அறிவிப்பது ஆக்கியோரின் கடமை. 2017ஆம் ஆண்டில் ஒருவர் அளவீடுகளை ஒப்பிட்டு நோக்கியதன் பயனாக அந்த ஏடு சிறிது திறந்தது. திறந்த ஏட்டைப் படிக்கும் வேலை இனிக் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.